ஜனாதிபதியின் கட்டிலும் பெல்லின் சுருளும்

இளவயதில் நானொரு உலோகம் தேடும் கருவி செய்ய முயன்றேன். 20 சென்ரிமீற்றர் விட்டத்தில் 115 சுற்றுச் செப்புக்கம்பி, ஒரு திரான்சிற்றர், இரண்டு கொள்ளளவிகள். சுருளின் தூண்டுதிறன் ஏறத்தாழ 5 மில்லிகென்றி. 0.1 மைக்குரோபரட் கொள்ளளவிகள் இரண்டைத் தொடராக இணைத்ததும், செக்கனுக்குப் பத்தாயிரம் அலைவு. காதைத் துளைக்கும் கீச்சொலி! கொள்ளளவத்தைப் பத்து மடங்காக்கினால் மீடிறன் ஆயிரத்துக்கு இறங்குமென்று எண்ணினேன். வர்க்கமூலத்தை மறந்துவிட்டேன். 3,200க்குத்தான் இறங்கியது. காதுக்கு அதுவே போதும்.

ஏன் இவ்வளவு தாழ்ந்த மீடிறன் என்று கேட்பீர்கள். மீடிறன் உயர உயர ஈரமண்ணும் உப்புமண்ணும்கூட உலோகம்போல் குரல் கொடுக்கத் தொடங்கிவிடும்.

ஆனால் என் கருவி மேசையின் எப்பக்கம் வைத்தாலும் அலறியது. மேசைக்குள்ளே ஆணிகள்! அப்போதுதான் கிரகாம் பெல்லை நினைத்துக்கொண்டேன்.

1881 ஜூலை 2ஆம் திகதி வாஷிங்டன் புகையிரத நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்ட் முதுகில் சுடப்பட்டார். குண்டு எங்கே நின்றதென்று எவருக்கும் தெரியவில்லை. கழுவாத விரல்களால் வைத்தியர்கள் காயத்தைத் துழாவினர். எக்ஸ்கதிர் வர இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. டேவிட் ஹியூஸ் 1879இல் காட்டிய தூண்டற் சமநிலையைப் பெல் கையிலெடுத்தார். ஒரு சுருளில் விட்டுவிட்டு மின்னோட்டம், மறுசுருளில் தொலைபேசிக் கேள்கருவி. இரண்டும் சமநிலையில் நிற்கும்வரை மௌனம். உலோகம் நெருங்கினால் ஒலி. திரான்சிற்றர் பிறந்தது 1947இல். அதன் வேலையை அன்று செய்தது வெறும் மின்னோட்டத் துண்டிப்பான்.

ஜூலை 26ஆம் திகதி முதற் சோதனை. ஒரே இரைச்சல். கொள்ளளவியைப் பிழையாக இணைத்திருந்தார்கள் என்பது பின்னரே தெரிந்தது. (என் மேசைமீதும் இது பலதடவை நடந்ததுதான்.) ஆகஸ்ட் 1ஆம் திகதி மீண்டும் போனார். பரந்த ஓரிடம் முழுவதும் மெல்லிய ஒலி. குண்டு என்று சொல்ல முடியவில்லை. மறுநாள் விசாரித்தால், குதிரைமயிர் மெத்தைக்குக் கீழே உருக்குக் கம்பி மெத்தை ஒன்று!

பலரும் கதையை இவ்விடத்தில் முடித்துவிடுவார்கள். பெல் முடிக்கவில்லை. அதேபோன்ற மெத்தையொன்றைத் தேடிப் பெற்று ஆராய்ந்தார். ஒலி வந்த பரப்போ கட்டிலளவில் ஒரு சிறுபகுதி மட்டுமே. ஆகவே மெத்தையில் பழியைப் போட அவர் மனம் ஒப்பவில்லை. என் எண்ணத்தில் பெரும் தவறு தலைமை வைத்தியர் பிளிஸுடையது. குண்டு வலப்புறமே என்ற தம் முடிவை அவர் விடவில்லை. தேடவிட்டதும் அப்பக்கம் மட்டுந்தான். செப்டெம்பர் 19ஆம் திகதி ஜனாதிபதி இறந்தார். பிரேத பரிசோதனையில் குண்டு முள்ளந்தண்டுக்கு இடப்புறம் கிடந்தது.

நான் மேசையைக் கைவிட்டு, தரையில் பாயை விரித்து, அதன்கீழ் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தேன். சுருளை மெல்ல நகர்த்தினேன். ஓரிடத்தில் மாத்திரம் ஒலி எழுந்தது.