அழற்சியின் இரண்டாம் அலை: ஜான் வேனின் 1971 விளக்கம் குறித்து ஒரு மறுஆய்வு

கொழுப்பு அமிலங்களிலிருந்து பிறக்கும் சமிக்ஞை மூலக்கூறுகளின் வரலாற்றில் 1971ஆம் ஆண்டைத்தான் பலரும் எல்லைக்கல்லாக நடுகிறார்கள். அவ்வாண்டு லண்டனில் ஜான் வேன் கினிப்பன்றியின் நுரையீரலைக் கூழாக்கி, அதில் அராகிடோனிக் அமிலத்தைச் சேர்த்தார். அந்த அமிலம் புரோஸ்டாகிளாண்டினாக மாறுவதை ஆஸ்பிரின் தடுத்தது. இண்டோமெதாசின் இன்னும் வலுவாகத் தடுத்தது. இம்மருந்துகள் வலியையும் காய்ச்சலையும் அழற்சியையும் தணிப்பதற்கு இத்தடையே காரணம் என்றார் வேன். அம்மாற்றத்தைச் செய்யும் சைக்ளோஆக்ஸிஜனேஸ் நொதியில் ஆஸ்பிரின் ஓர் அசெட்டைல் தொகுதியை ஏற்றிவிடுகிறது என்பது 1975இல் தெளிவானது. 1982இல் வேனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நொதியைப் பற்றிய அவரது முடிவு உறுதியானது. அதில் எனக்கு வழக்கில்லை. நொதியைத் தடுத்தால் அழற்சி தணிகிறது, எனவே புரோஸ்டாகிளாண்டின் அழற்சியை வளர்க்க மட்டுமே பிறந்தது என்று அதன்மேல் எழுப்பப்பட்ட வாசிப்பையே மறுக்கிறேன்.

அந்த வாசிப்பின் பலவீனம் மூலச் சோதனையிலேயே இருக்கிறது. கூழாக்கிய திசுவில் நொதியின் வேகத்தை அளக்கலாம். அழற்சி தோன்றி, முற்றி, அடங்கும் போக்கை அளக்க முடியாது. அதே சோதனையில் சோடியம் சாலிசிலேட் ஆஸ்பிரினைவிடக் குறைவாகவே நொதியைத் தடுத்தது. ஆனால் மூட்டு அழற்சியில் அது ஆஸ்பிரினுக்கு ஏறக்குறைய இணையாகப் பயன் தந்து வந்த மருந்து. உடலுக்குள் அதன் செயல் வேறுவிதமாக இருக்கலாம் என்று வேன் தரப்பினர் சமாதானம் சொல்லலாம். அப்படியானால் கூழில் கண்டதை உடலுக்குப் பொருத்துவதிலும் அதே எச்சரிக்கை வேண்டும்.

இவ்விடத்தில் நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது, டெரெக் கில்ராயும் சக ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஓர் அளவீட்டை. எலியின் நுரையீரல் உறையில் கராஜீனனைச் செலுத்தி அழற்சியை உண்டாக்கி, அவர்கள் பல மணி நேரங்களில் அளந்தார்கள். அந்நொதியின் ஒரு வடிவமான சைக்ளோஆக்ஸிஜனேஸ்-2 முதலில் 2ஆம் மணியில் உச்சம் தொட்டது. அப்போது புரோஸ்டாகிளாண்டின் ஈ2 மிகுந்திருந்தது. 48ஆம் மணியில், அழற்சி அடங்கிக்கொண்டிருக்கும்போது, அதே நொதி மீண்டும் எழுந்தது. முதல் உச்சத்தைவிட 350 விழுக்காடு கூடுதலாக! இம்முறை ஈ2 மிகக் குறைவு. டி2 வகை உயர்ந்திருந்தது. 2ஆம் மணியில் இண்டோமெதாசின் அழற்சியைக் குறைத்தது. 48ஆம் மணியிலோ அதே மருந்து அழற்சியை மோசமாக்கியது.

ஓர் எலியின் மார்பில் கண்டதை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்கலாம். மருந்தின் வேறு ஏதோ பக்கவிளைவு என்றும் கருதலாம். ஆனால் குறைந்துபோன புரோஸ்டாகிளாண்டின்களைத் திரும்பக் கொடுத்ததும் அந்தக் கேடு நீங்கியது. பக்கவிளைவு வாதத்துக்கு இதைவிட நேரான பதில் இல்லை. டி2இலிருந்து உருவாகும் ஜே2 வகைப் பொருள் உடலில் செயல்படும் அளவுக்கு இருக்கிறதா என்ற ஐயம் பின்னர் எழுந்தது, அது நியாயமானது. அப்பொருளை விலக்கினாலும் டி2 நிற்கிறது. 2001இல் சார்லஸ் செர்ஹானின் குழு வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தது: ஈ2, டி2 ஆகியவை வெள்ளணுக்களை, அழற்சியை வளர்க்கும் லுகோட்ரையீன் ஆக்குவதிலிருந்து அதைத் தணிக்கும் லிபாக்சின் ஆக்குவதற்குத் திருப்புகின்றன. அழற்சியைத் தொடங்கிவைக்கும் ஈ2வே அதை முடிக்கும் ஏற்பாட்டிலும் பங்கு கொள்கிறது.

தணிக்கும் மூலக்கூறுகளின் வரலாறு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதை என்னால் அறுதியிட முடியவில்லை. லிபாக்சின்கள் அறிமுகமான 1984ஐச் சிலர் சொல்வர். ஆனால் அம்முதல் அறிக்கைகள் அவை வெள்ளணுக்களைத் தூண்டுவதாகவே கூறின. தணிக்கும் குணம் பிறகே புலப்பட்டது. 1999 என்பது என் சாய்வு, தீர்ப்பன்று. வேனையும் குறை சொல்வதற்கில்லை; சைக்ளோஆக்ஸிஜனேஸ்-2 அறியப்பட்டதே 1991இல்தான். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஆஸ்பிரினிலிருந்து ஒற்றை அம்புக்குறி வரைந்து அழற்சியை முடித்துவிடும் பாடநூல்கள்தாம் திருத்தப்பட வேண்டும். அந்த அம்புக்குறிக்குப் பக்கத்தில், அழற்சியின் எத்தனையாவது மணி என்பதையும் அவை எழுதட்டும்.