வழித்துணை

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு காசிக்குப் போனேன். குடும்பம் என்றால் நான், மனைவி, இரண்டு குழந்தைகள், எழுபது வயதான என் தாயார். பெட்டி படுக்கை கூடாது, ஆளுக்கொரு தோள் பைதான் என்பது என் பெண்ணின் தீர்மானம். ரயில் இடார்சியைத் தாண்டியதும், எதிரில் இருந்த முதியவர் ஒருவர் தம் சம்புடத்தைத் திறந்து என் பையனிடம் ஒரு லட்டை நீட்டினார். பையன் என் முகத்தைப் பார்த்தான். முன்பின் தெரியாதவர் தரும் தின்பண்டங்களை வாங்காதீர்கள் என்று ரயில்வேக்காரர்கள் செய்யும் எச்சரிக்கை என் நினைவில் வந்து நின்றது. வேண்டாம் என்று தலையசைத்தேன். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் சம்புடத்தை மூடிக்கொண்டார்.

அன்றிரவு ஜபல்பூரைக் கடந்த பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே வழியில், ரயில் என்ற சொல்லே இந்நாட்டில் புழங்காத காலத்தில், குடும்பத்தோடு போன ஒரு சென்னைவாசியைப் பற்றி நினைத்துக்கொண்டேன்.

ஏனுகுல வீராசாமி என்பது அவர் பெயர். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். 1830 மே 18-ஆம் தேதி, தாயாரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு அவர் காசி யாத்திரை புறப்பட்டார். பல்லக்குத் தூக்கிகள், வேலைக்காரர்கள் எல்லாருமாக ஏறக்குறைய நூறு பேர். திருப்பதி, ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர், பிரயாகை, காசி, கயை என்று போய், பூரி வழியாகத் திரும்பிச் சென்னை வந்து சேர்ந்தபோது 1831 செப்டம்பர் 3. பதினைந்து மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டது. நமக்கு அது இரண்டு இரவுப் பிரயாணம்!

ஒரு குடும்பத்துக்கு நூறு பேர் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். சுமக்க ஆள் வேண்டும், சமைக்க ஆள் வேண்டும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நாளில் கூட்டமே காவல். நர்மதைக் கரைப் பிரதேசத்தில் தக்கர்களின் பயம் பரவியிருந்த காலம் அது. தக்கர்கள் புதரில் பதுங்கியிருந்து பாய்கிறவர்கள் அல்லர். யாத்திரிகர்களைப் போலவே வந்து சேர்ந்துகொள்வார்கள். இனிக்க இனிக்கப் பேசுவார்கள். நாட்கணக்கில் கூடவே நடப்பார்கள். நம்பிக்கை முற்றிய பிறகே துணி கழுத்தில் விழும். அவர்களை ஒடுக்கக் கம்பெனி அதிகாரி ஸ்லீமன் முனைந்து இறங்கியதும் 1830-ஐ ஒட்டித்தான். அவர் சொன்னவற்றில் மிகை உண்டு என்று வாதிடும் சரித்திர ஆசிரியர்கள் இன்று இருக்கிறார்கள். மிகையோ இல்லையோ, பயம் மெய். கள்வனை அடையாளம் கண்டு விலகிவிடலாம். வழித்துணையைக் கண்டே அஞ்ச வேண்டுமென்றால் மனிதன் எப்படிப் பிரயாணம் செய்வது?

வீராசாமி செய்தார். அதைவிடப் பெரிய காரியம், போகும் வழியெல்லாம் எழுதினார். தங்கிய ஊர் எப்படிப்பட்டது, தண்ணீர் உண்டா, கடை உண்டா, பாதை எப்படி என்று தெலுங்கில் எழுதி, சென்னையிலிருந்த நண்பர் கோமளேசுவரபுரம் சீனிவாசப் பிள்ளைக்கு அனுப்பி வந்தார். 1836-இல் வீராசாமி காலமானார். நண்பர் அந்த எழுத்துக்களைப் போற்றி வைத்திருந்து, 1838-இல் 'காசி யாத்ரா சரித்ர' என்ற நூலாக அச்சேற்றினார்.

காசியில் புண்ணியம் தேடிப் போனவருக்கு, கடை இருக்கிறதா என்று குறித்து வைப்பதில் என்ன புண்ணியம்? பின்னால் வரப்போகிற, முகம் தெரியாத யாரோ ஒரு குடும்பத்துக்கு அது உதவும். தக்கன் பக்கத்தில் நடந்தவனின் நம்பிக்கையைத் திருடினான். வீராசாமியோ இன்னும் புறப்படாதவர்களுக்கும் வழித்துணையாக நின்றார். சென்னையை விட்டு அகலாத சீனிவாசப் பிள்ளையும் அந்த யாத்திரையில் பாதி தூரம் நடந்தவர் என்றே நான் சொல்வேன். அவர் இல்லையேல் நூல் இல்லை. பல்லக்குச் சுமந்து அத்தனை தூரமும் காலால் அளந்தவர்களையோ, ஐயோ, நாம் பெயர் சொல்லிக் கும்பிட வழியில்லை.

பொழுது விடிந்தது. நான் கண் விழித்தபோது என் தாயார், வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கை எதிரிலிருந்த பெரியவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் கொஞ்சமும் யோசிக்காமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பையனுக்கு லட்டு கிடைத்துவிட்டது.