தீங்கற்ற கட்டியும் தமிழ் மருத்துவமும்

1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் நம்மவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். ‘இரணவைத்தியம்’ முதலிய நூல்களைத் தமிழில் தந்தார். மூளைக் கட்டியை அகற்றும் கலை அன்று வேரூன்றவில்லை.

பின்னர் அக்கலை வளர்ந்தது. ஆயினும் புற்றல்லாத மூளையுறைக் கட்டிகளும் அகற்றியபின் மீண்டும் தோன்றின. காரணத்தை 1957இல் டொனால்ட் சிம்சன் காட்டினார்: கட்டியை அது பற்றிய உறையோடு முற்றாக நீக்கியோருள் 9 விழுக்காட்டினர்க்கே நோய் மீண்டது, ஒரு பகுதி எஞ்சியோருள் 44 விழுக்காட்டினர்க்கு மீண்டது. நரம்பையும் குருதிக் குழாயையும் தழுவிய துணுக்கை வெட்டுதல் அரிது. அதுவே ஆண்டுகள் கழித்து வளர்கிறது.

‘தீங்கற்றது’ என்னும் சொல்லை நம்பி உழவன் மறுபரிசோதனைக்கு வராதிருந்தால் குற்றம் அவனுடையதா? உண்மையை அவன் மொழியில் உரைப்பதே கிறீன் தொடங்கிய பணி. அதை முடிப்பது நம் கடன்.