கிழமானது மெஷினா?

2007 அக்டோபர். தைவானின் ஆசுஸ் கம்பெனி 'ஈ பிசி' என்றொரு குட்டி லேப்டாப்பை இறக்கியது. ஏழு அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைவான எடை, உள்ளே லினக்ஸ். மைக்ரோசாஃப்டுக்குத் தர்மசங்கடம்! அப்போது புதுசான விஸ்டாவை இந்தக் குட்டியால் சுமக்க முடியாது. வேறு வழி? 2008 ஜூன் 30-ல் கடையைவிட்டுக் கிளம்பவிருந்த பழைய எக்ஸ்பிக்கு, குட்டி லேப்டாப்களுக்காக மட்டும் 2010 வரை ஆயுளை நீட்டினார்கள்!

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. ஓசூர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கும் வந்தது. பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டரே அதுதான். விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அதில் இருந்தது. இன்று விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ராம் கேட்கிறது. அந்தப் பழைய பெட்டியில் இருந்ததோ 2 ஜிபி!

பரணில் போடுமுன் லேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றிப் பாருங்களேன். கனம் கூடியது மென்பொருளுக்குத்தான். மெஷின் என்ன பாவம் செய்தது?