பெருவுக்கு எதிரே ஒரு கோல், எர்ணாகுளத்தில் ஒரு கோப்பை

ஆடி ஜெயிச்சவர் பயிற்சியாளராகவும் ஜெயிப்பது அபூர்வம். பிரேசிலின் மரியோ சகாலோ 1958, 1962 உலகக் கோப்பைகளை ஆட்டக்காரராக வென்றார். 1970-ல் பயிற்சியாளராக வென்றார். அந்த 1970 காலிறுதியில் பிரேசிலுக்கு எதிரே வந்தது பெரு. அதன் பயிற்சியாளர் டிடி, சகாலோவோடு சேர்ந்து அந்த இரண்டு கோப்பைகளையும் வென்ற அதே டிடி! நண்பர்கள் இருவர் எதிரெதிர் பெஞ்சில். பிரேசில் 4-2.

நம்ம பக்கம் இப்படி யாராவது உண்டா என்று தேடினால், அதே பெருவின் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

1960 ரோம் ஒலிம்பிக். ரஹீம் சாகிப் பயிற்சியாளர், பி.கே. பானர்ஜி கேப்டன். ஹங்கேரியிடம் 1-2 தோல்வி, பிரான்சோடு 1-1 சமன். கடைசியாகப் பெருவிடம் 1-3. அதற்குப் பிறகு இன்றுவரை இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் பக்கமே போகவில்லை. ஆக, பெருவுக்கு அடித்த அந்த ஒரு கோல்தான் ஒலிம்பிக்கில் நம்முடைய கடைசி கோல்.

அடித்தது யார்? இங்கேதான் சிக்கல். நம்ம ஊர் பத்திரிகைகள் பலவும் சைமன் சுந்தரராஜ் என்கின்றன. ஆட்டப் பட்டியல்களில் பலராம் பெயர் இருக்கிறது. துளசிதாஸ் பலராம் செகந்திராபாத்துக்காரர், ஆனால் தாய் தகப்பன் தமிழர்கள். யார் கணக்கில் எழுதினாலும் அடிச்சது தமிழ்க் காலுதான்னு வேணும்னா ஆறுதல் சொல்லிக்கலாம். எனக்கு அது போதவில்லை. ஒரு நாட்டின் கடைசி ஒலிம்பிக் கோலுக்கே இரண்டு பெயர் இருக்கிறதென்றால், நாம் கணக்கு வைத்திருக்கும் லட்சணம் அப்படி.

சைமனின் அடுத்த வேலையில் அந்தச் சந்தேகம் இல்லை. 1973-ல் அவர் கேரள அணியின் பயிற்சியாளர். சந்தோஷ் டிராபி 1941-லிருந்து நடக்கிறது, கேரளா அதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. அந்த டிசம்பரில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் இறுதிப் போட்டி, எதிரே ரயில்வேஸ். கேப்டன் மணி ஹாட்ரிக் போட்டார். 3-2. கேரளாவின் முதல் கோப்பை!

மணியின் ஹாட்ரிக்கை அங்கே இன்றும் சொல்லுவார்கள். சொல்லணும், தப்பில்லை. ஆனால் அந்த அணியைத் தயார் செய்தது ஒரு தமிழ்நாட்டுக்காரர் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? திருமங்கலத்திலிருந்து பிரியுற கொல்லம் ரோட்டைப் பிடிச்சு செங்கோட்டை தாண்டினாலே, உலகக் கோப்பை நேரத்தில் தெருவுக்குத் தெரு மெஸ்ஸி, நெய்மர் கட் அவுட். எங்கேயாவது ஒரு மூலையில் சைமன் படம் இருக்கக் கூடாதா என்று எனக்கு ஓர் ஆசை.

ரஹீம் சாகிப்பை இன்று சினிமாவே நினைவுபடுத்திவிட்டது. அவரிடம் ஆடிய சைமனுக்கு அந்த யோகம் இல்லை. சகாலோ மாதிரி உலகக் கோப்பை இல்லைதான். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் கைக்கு எட்டாத ஒன்றை ஓர் அணிக்கு முதன்முதலாக வாங்கிக் கொடுப்பது சின்ன விஷயமா என்ன?

கேரளா அதன்பிறகு ஆறு முறை வென்றது, 2022 வரை மொத்தம் ஏழு. தமிழ்நாடு ஒருமுறையும் இல்லை. 2012-ல் கட்டாக்கில் இறுதிப் போட்டி வரைக்கும் போனோம். சர்வீசஸ் 3-2 என்று ஜெயித்துவிட்டது.