ஐம்பது மில்லிமீற்றரின் வரலாறு

அவுஸ்திரேலியாவில் ஒரு நாற்சில்லு இயக்க வண்டிக்கு, அதாவது நம்மவர் பொதுவாக 'ஜீப்' என்று அழைக்கும் வகை வண்டிக்கு, தயாரிப்பாளர் பொருத்தி அனுப்பிய ரயரைவிடப் பெரிய ரயர் பூட்டலாமா? பூட்டலாம். ஆனால் விட்டம் 50 மில்லிமீற்றருக்கு மேல் கூடுதலாக இருத்தல் ஆகாது என்கிறது 2006 ஆம் ஆண்டு வெளிவந்த தேசிய நடைமுறைக் கோவை. வாகனத் துறையினர் இதனை 'விஎஸ்பி 14' என்ற சுருக்கப் பெயரால் அழைப்பர். 50 மில்லிமீற்றர் என்பது ஏறத்தாழ இரண்டு அங்குலம். இந்த இரண்டு அங்குலம் எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் நினைத்தபடி எழுதிய இலக்கம் என்றே வண்டி வைத்திருப்போரில் பலர் கருதுகின்றனர். மெல்பேணிலும் சிட்னியிலும் வாழும் நம்மவரிடையேயும் இக்கருத்து உண்டு. அந்த இலக்கத்துக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது என்பதே என் எண்ணம்.

பெரிய சில்லு கரடுமுரடான நிலத்தில் இலகுவாக உருளும் என்பது மோட்டார் வண்டிக்கு முற்பட்ட அறிவு. நமது மாட்டு வண்டிலின் சில்லு ஏன் அவ்வளவு உயரம் என்று எவரும் கேட்டதில்லை. குழியில் சிறிய சில்லு விழுந்துவிடும், பெரியது கடந்துவிடும். மாரி காலத்து வன்னிச் சேற்றில் கார் புதைந்து நிற்க, உழவு இயந்திரம் தன் பெரிய பின்சில்லுகளோடு கடந்து செல்வதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாற்சில்லு வண்டியில் இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடற்பகுதிதான் உயரும். இரு சில்லுகளையும் இணைக்கும் அச்சும், அதன் நடுவே தொங்கும் பற்சில்லுப் பெட்டியும் இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் முதலில் மோதுவது அந்தப் பெட்டியே. அதை நிலத்திலிருந்து உயர்த்தப் பெரிய ரயரே வழி. அதிலும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். 50 மி.மீ. கூட்டினால் 25 மி.மீ. உயரும்.

இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப், பதினாறு அங்குல விளிம்பில் ஆறு அங்குல அகல ரயருடன் ஓடியது. 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அறிமுகமான லாண்ட் றோவரும் அதே அளவு ரயருடன்தான் வந்தது. இன்றைய கண்ணுக்கு அவை மோட்டார் சைக்கிள் ரயர்கள் போலத் தோன்றும். ஆனால் அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதி அத்தகைய மெலிந்த ரயர்களைக் கொண்டே திறக்கப்பட்டது.

அந்தக் கதையின் நாயகர் லென் பீடெல் என்ற நில அளவையாளர். பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் கூட்டாக நடத்திய வூமெரா ஏவுகணைத் திட்டத்துக்காக, 1955 முதல் 1958 வரை 'கன்பரல்' நெடுஞ்சாலையை அமைத்தவர். அவரது குழு அமைத்த பாதைகளின் மொத்த நீளம் 6,000 கிலோமீற்றருக்கும் அதிகம். பாதைகளுக்கு மனைவியின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் சூட்டிய மனிதர் அவர். அவை வெறும் நிலத்தில் போடப்பட்ட பாதைகள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். எமு, மரலிங்கா ஆகிய அணுகுண்டுச் சோதனைக் களங்களைத் தெரிவு செய்தவரும் அவரே. அம்மண்ணின் ஆதிக்குடிகள் அதற்குக் கொடுத்த விலை தனியாக எழுதப்பட வேண்டியது. நமது விடயத்துக்கு வருவோம். லாண்ட் றோவரில் முன்னே சென்று தடம் பார்த்த பீடெலுக்குப் பெருந்தொல்லை தந்தது வண்டியின் உயரக் குறைவு அல்ல, ரயரின் பக்கச்சுவரைத் துளைக்கும் முல்கா மரக்குச்சிகள். அன்று வேண்டியிருந்தது உறுதியான ரயர்.

அதே ஐம்பதுகளில் பனிமலைப் பகுதியில் ஸ்நோவி நீர்மின் திட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கு ஒப்பந்த வேலை செய்த தீஸ் சகோதரர்கள் ஜப்பானிலிருந்து ரொயோட்டா லாண்ட் குறூசர்களை இறக்கினர். போர் முடிந்து பதினைந்து ஆண்டுகூட ஆகாத நாட்டில் ஜப்பானிய வண்டியை வாங்குவது துணிச்சலான செயல். ரொயோட்டா அந்நாட்டில் காலூன்றியது அந்தச் சேற்றில்தான்.

1962 இல் புவியியலாளர் றெஜ் ஸ்பிறிக் தம் மனைவியையும் இரு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நிசான் பற்றோல் வண்டியில் சிம்சன் பாலைவனத்தைக் கடந்தார். ஏறத்தாழ 1,100 மணல்மேடுகள். மோட்டார் வண்டியில் அதைக் கடந்தவர்களில் அவர்களே முதல்வர். அதற்கு முன் 1936 இல் ரெட் கோல்சன் கடந்தது ஒட்டகங்களில். இன்று கடைகளில் விற்கும் அகன்ற ரேடியல் ரயர்கள் ஸ்பிறிக்கின் காலத்தில் இல்லை. மணலில் ரயரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் காற்றைக் குறைப்பதே. காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 18 இறாத்தல் அளவுக்கு இறக்கினால் ரயர் மண்ணில் பதியும் பரப்பு நீண்டுவிடும். வண்டி மணலை வெட்டாமல் மிதந்து செல்லும். செலவில்லாத வித்தை. தார் வீதிக்குத் திரும்பியதும் காற்றை மீண்டும் அடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே பாலைவனத்தைத் திறந்தவர்கள் கேட்காத உயரத்தை, அவர்களுக்குப் பின் விடுமுறைக்குச் சென்றவர்களே கேட்டனர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இவ்வண்டிகள் பண்ணையையும் சுரங்கத்தையும் விட்டு நகரத்து வீடுகளுக்கு வந்தபோது, பெரிய ரயர் தேவையாக இருந்ததோடு தோற்றமாகவும் ஆயிற்று. கிழமையில் ஐந்து நாள் பாடசாலைக்கும் கடைக்கும் போகும் வண்டி அதே ரயரில்தான் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. வளைவிலும் திடீர்த் தடுப்பிலும் உயரத்துக்கு விலை உண்டு.

அந்த விலையை உலகம் அறிந்தது அமெரிக்காவில். 2000 ஆகஸ்டில் பயர்ஸ்ரோன் நிறுவனம் 65 இலட்சம் ரயர்களை மீளப் பெற்றது. ஃபோர்ட் எக்ஸ்புளோறர் வண்டிகளில் ஓடிய ரயர்களின் மேற்பட்டை வேகத்தில் உரிந்து, உயரமான அவ்வண்டிகள் உருண்டன. அரச பாதுகாப்பு நிறுவனத்துக்குக் கிடைத்த முறைப்பாடுகளில் 200 க்கு மேற்பட்ட மரணங்கள் பதிவாகியிருந்தன. இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. ரயரின் குறை என்றது ஒன்று, வண்டியின் நிலைப்பும் அதற்குக் குறிக்கப்பட்ட குறைந்த காற்றழுத்தமும் காரணம் என்றது மற்றது. ஃபோர்ட் குடும்பமும் பயர்ஸ்ரோன் குடும்பமும் சம்பந்திகள் என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. ஏறத்தாழ நூறாண்டு வணிக உறவு 2001 இல் முறிந்தது. அந்த ரயர்கள் தொழிற்சாலை அளவே, பெரிதாக்கப்பட்டவை அல்ல. எனினும் உயரமான வண்டியில் ரயர் தவறினால் என்ன நிகழும் என்பதை இனி எவரும் மறுக்க முடியாதபடி அது காட்டிவிட்டது. இரு சில்லுகளுக்கிடையிலான அகலத்தின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து, வண்டி உருளும் ஆபத்தை அமெரிக்கா மதிப்பிட்டு வெளியிடத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். உயரம் கூடக்கூட அந்த எண் சிறுக்கும்.

இந்தப் பின்னணியிலேயே 2006 ஆம் ஆண்டின் அவுஸ்திரேலியக் கோவையைப் படிக்க வேண்டும். சாதாரணக் காருக்கு 15 மி.மீ. மட்டும் இடங்கொடுத்த அது, நாற்சில்லு வண்டிக்கு 50 மி.மீ. கொடுத்தது. காட்டுப் பாதையில் செல்பவரின் தேவையை அது மறுக்கவில்லை.

கணக்கைப் பார்ப்போம். பல ஹைலக்ஸ், பிறாடோ வண்டிகளில் வந்த ரயர் 265/65 ஆர் 17. விட்டம் 776 மி.மீ. அதற்கு 265/70 ஆர் 17 பூட்டினால் விட்டம் 803 மி.மீ. ஆகும். எல்லைக்குள் வசதியாக நிற்கிறது. பலரும் ஆசைப்படும் '33 அங்குலம்' என்ற 285/70 ஆர் 17 இன் விட்டமோ 831 மி.மீ. தயாரிப்பாளர் முதல் அளவை மட்டுமே குறித்திருந்தால், இது எல்லையை நான்கரை மில்லிமீற்றரால் தாண்டுகிறது. வேகமானி 100 காட்டும்போது வண்டி, முன்னைய கணக்கோடு ஒப்பிட, 107 இல் ஓடும். 2006 ஜூலை முதல் புதிதாக அறிமுகமான வண்டி மாதிரிகளில் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது சட்டம். தடுப்புத் தட்டு பழையதாகவே இருக்க ரயர் மட்டும் பெருத்தால், அதே மிதிப்புக்கு வீதியில் கிடைக்கும் தடுப்பு விசையும் ஏறத்தாழ ஏழு வீதம் குறையும். பாதசாரி ஒருவருக்கு அந்த ஏழு வீதம் பெரிது.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. புதிய வண்டிக்கு விதி செய்வது மத்திய அரசு. வீதிக்கு வந்த வண்டியை ஆள்வது மாநிலம். கோவை தேசியமாயினும் நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. 2018 இல் குயீன்ஸ்லாந்துப் பொலிஸார் வண்டிகளின் உயரத்தை அளக்கத் தொடங்கியபோது உரிமையாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டே அம்மாநிலம், ஸ்பிரிங்கால் 50, ரயரால் 25 என மொத்தம் 75 மி.மீ. உயர்த்துவதைத் தனிச் சான்றிதழ் இன்றி அனுமதித்தது. ஒரு மாநிலத்தில் நேர்மையாக விதியைப் பின்பற்றியவர் எல்லை கடந்ததும் விளக்கம் சொல்ல நேர்வது நியாயமன்று. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு.

ரயர் வாங்கப் புறப்படுபவர் பார்க்க வேண்டிய முதல் ஆவணம் வண்டியிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. சாரதியின் கதவைத் திறந்தால் ஓரத்தில் தெரியும் அந்தச் சிறிய அட்டையில் தயாரிப்பாளர் குறித்த ரயர் அளவும் சுமைக் குறியீடும் உள்ளன. 50 மில்லிமீற்றரை எண்ணத் தொடங்குவது அங்கிருந்துதான், ஏற்கனவே தேய்ந்தோ மாறியோ போயிருக்கும் ரயரிலிருந்து அல்ல.