தேயிலைக்குப் பின்னிய காலுறைகள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகள் இருக்கின்றன. அங்கே மரம் குறைவு. காய வைத்தால் விறகுபோல எரியும் ஒருவகைச் சதுப்பு மண்ணை வெட்டித்தான் அடுப்பெரித்தார்கள். ‘பீட்’ என்பது அதன் பெயர். 1951இல் கன்னிஸ்டர் என்ற இடத்தில் இருவர் அப்படி வெட்டிக்கொண்டிருந்தபோது மண்ணுக்குள்ளிருந்து துணி வந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறந்த ஒரு மனிதனின் உடை அது. உடல் அநேகமாகக் கரைந்துவிட்டது. கம்பளி மட்டும் அப்படியே இருந்தது. பின்னிய தொப்பிகள், பின்னிய கையுறை, நீண்ட காலுறைகள், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டுப் பின்னிய ஒரு சிறு பணப்பை. பைக்குள் டச்சு நாணயமும் சுவீடன் நாணயமும்.

அவன் யார், எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் யோசிப்பது அந்தப் பணப்பையைப் பற்றி. காசு போட்டு வைக்கப் பட்டை எதற்கு? ஒரே நிறத்தில் பின்னியிருந்தாலும் காசு உள்ளே இருந்திருக்கும். நிறம் மாற்றும் இடத்தில் இரண்டு நூலையும் சிக்காமல் கையாள வேண்டும், வேலை கூடும். யாரோ அந்தக் கூடுதல் வேலையை விரும்பிச் செய்திருக்கிறார்கள். அவர் பெண்ணாக இருந்திருப்பார் என்று ஊகிக்கிறேன்.

நானும் பின்னுகிறவள். ‘சென்னையில் இருந்துகொண்டு சாக்ஸ் எதற்கு?’ என்று கேட்காத உறவினர் எனக்கு இல்லை. பதில் குதிகாலில் இருக்கிறது. நான்கு ஊசிகளில் 64 கண்ணிகளைப் பகிர்ந்து ஏற்றி, ஐந்தாவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்னினால் ஒரு குழாய் உருவாகும். அதுவரை சாதாரண விஷயம். குதிகால் வந்ததும் பாதிக் கண்ணிகளை அப்படியே நிறுத்திவைத்து, மீதி 32 கண்ணிகளில் மட்டும் முன்னும் பின்னுமாகப் போக வேண்டும். ஓர் அளவு வந்ததும் நடுவிலிருந்து தொடங்கி, வரிசை முடியுமுன்பே திரும்பி, மறுபுறமும் முடியுமுன்பே திரும்பிப் பின்னினால், தட்டையாக இருந்த பின்னல் கிண்ணம்போலத் தானாக வளைந்துகொள்ளும். வெட்டு இல்லை, தையல் இல்லை. எத்தனையோ ஜோடி பின்னிவிட்டேன். அந்த இடம் வரும்போது இன்றும் ரேடியோவை நிறுத்திவிடுகிறேன்.

நூல் நூற்பதிலும் இப்படி ஓர் இடம் உண்டு. என் அம்மா படித்த பள்ளியில் தக்ளி வகுப்பு இருந்தது. இடது கையில் பஞ்சுப் பட்டை, வலது கையில் சுழலும் தக்ளி. பஞ்சு நூலாக மாறுவது விரல் அகலத்துக்குள் நடந்துவிடும். அந்த முக்கோணத்தைக் கண்ணால் பிடித்துவைத்துக்கொள்வதுதான் முழு வித்தை. அம்மா அதைப் பாடம் என்று சொன்னதில்லை, விளையாட்டு என்றுதான் சொல்வாள்.

விளையாட்டு, பொழுதுபோக்கு, ஓய்வுநேர வேலை. இந்தச் சொற்கள் நமக்கு எவ்வளவு செலவு வைத்தன என்பதற்கு ஷெட்லாந்தில் எழுத்துபூர்வமான சாட்சியம் இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டிலேயே ஹெர்ரிங் மீன் பிடிக்க டச்சுக் கப்பல்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அந்தத் தீவுகளின் கரையில் கூடும. பெண்கள் தாங்கள் பின்னிய காலுறைகளையும் விரல் பிரியாத மிட்டன் கையுறைகளையும் கொண்டுபோய் மாலுமிகளிடம் விற்றார்கள். இன்றைய தலைநகரமான லெர்விக் அப்படிப்பட்ட கரைச் சந்தையிலிருந்து வளர்ந்த ஊர்தான். ஆண்கள் கடலுக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை. 1881 ஜூலையில் மீனவர்கள் 58 பேர் ஒரே புயலில் இறந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவுகளில் ஆண்களைவிடப் பெண்களே மிக அதிகம். நிலத்தை உழுததும், மாட்டைப் பார்த்ததும், பீட்டைக் கூடையில் முதுகில் சுமந்து வந்ததும் அவர்கள்தான். சுமந்து வரும்போதே பின்னினார்கள். இடுப்பில் துளைகள் போட்ட ஒரு தோல் பட்டை கட்டியிருப்பார்கள், உள்ளே குதிரைமயிர் அடைத்தது. ஊசியின் ஒரு முனையை அந்தத் துளையில் செருகிவிட்டால் பாரம் பட்டைக்குப் போய்விடும், கை வேகமாக ஓடும். முதுகில் கூடையும் கையில் காலுறையுமாக நடக்கும் பெண்களின் பழைய புகைப்படங்கள் நிறைய உண்டு. சுற்றுலா அட்டைகளில் அவை ‘சுறுசுறுப்பான தீவுப் பெண்கள்’ ஆகிவிட்டன. எனக்கு அவற்றைப் பார்த்தால் கழுத்து வலிக்கிறது.

பின்னியதைக் கடையில் கொடுத்தால் பணம் கிடைக்காது. துணி கிடைக்கும், தேயிலை கிடைக்கும், அல்லது அதே கடையில் பின்னால் பொருள் வாங்கிக்கொள்ள ஒரு துண்டுச் சீட்டு கிடைக்கும். பணமாகத்தான் வேண்டும் என்றால் விலையைக் குறைப்பார்கள். மாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் பணம் வேண்டுமே! எனவே தேயிலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் மாவுக்கு மாற்றிக்கொள்வார்கள். இந்த முறையை விசாரிக்க பிரிட்டிஷ் அரசு அனுப்பிய ஆணையம் 1872இல் அங்கே அமர்வுகள் நடத்தியது. பின்னும் பெண்கள் பலர் வந்து சாட்சி சொன்னார்கள். கேள்வியும் பதிலுமாக அச்சாகியிருக்கும் அந்த அறிக்கை, ஏழைப் பெண்கள் தங்கள் கூலியைப் பற்றித் தாங்களே பேசிய அரிய ஆவணங்களில் ஒன்று. அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சித்திரம் என்னை விடுவதில்லை: நல்ல உடை, பசித்த வயிறு. கூலி துணியாகவே வந்ததால் உடுத்த இருந்தது, உண்ண இல்லை. இளம்பெண்கள் பகட்டாக உடுத்துகிறார்கள் என்று குறைசொல்லவும் அங்கே ஆள் இருந்தது.

பெண் பின்னுவது ஓய்வு நேரத்தில்தானே, உட்கார்ந்த இடத்தில்தானே, எப்படியும் பின்னத்தான் போகிறாள் என்ற எண்ணம்தான் இந்த வியாபாரத்துக்கு அடித்தளம். இதே வேலையை ஐரோப்பாவின் நகரங்களில் ஆண்கள் செய்தபோது அதற்குத் தொழிற்சங்கம் இருந்தது. பல ஆண்டு பயிற்சி எடுத்து, தேர்வுக்குப் பின்னிக் காட்டி, ‘மாஸ்டர்’ பட்டம் பெற்றார்கள். அதே கண்ணி, அதே ஊசி. ஆண் செய்தால் கைத்தொழில், பெண் செய்தால் பொழுதுபோக்கு.

ஆனால் அவதியை மட்டும் எழுதி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. நம் பெண்ணிய வரலாற்று எழுத்துகளில் பலவற்றில் எனக்கு இந்தக் குறை உண்டு. உழைத்தவள் அதில் எதையாவது ரசித்திருந்தால், அதைச் சொன்னால் சுரண்டலின் கனம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறோம். ஷெட்லாந்தின் குளிர்காலத்தில் பெண்கள் ஒரு வீட்டில் கூடிக் கம்பளியைச் சிக்கெடுத்து நூற்பார்கள். வேலை முடிந்ததும் சாப்பாடு, பிறகு பிடில் வாசிப்பு, ஆட்டம். ஆட்டின் இயல்பான நிறங்களுக்கே தனித்தனிப் பெயர் உண்டு. செம்பழுப்பு என்றால் மூரிட். கருஞ்சாம்பல் ஷேலா. நீலம் கலந்த சாம்பல் எம்ஸ்கெட். இப்படிப் பெயர் வைத்த கண்கள் சலிப்போடு வேலை செய்த கண்கள் அல்ல. ஃபேர் ஐல் என்ற குட்டித் தீவின் வண்ணப் பின்னலில் பல நிறம் தெரியும். ஒரு வரிசையில் மட்டும் இரண்டு நிறத்துக்கு மேல் வராது. அந்த ஒரு விதிக்குள் எண்ணற்ற கோலங்கள். தாளில் எழுதாமல், பார்த்துப் பார்த்தே மகள்கள் கற்றார்கள்.

கணவனை இழந்தவள் கைக்கு நூல் வந்து சேர்வது ஷெட்லாந்தில் மட்டும் நடக்கவில்லை. ‘பருத்திப் பெண்டு’ என்ற சொல் நம் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. ஆண் துணையற்ற பெண்கள் நூற்றுப் பிழைத்ததைப் புலவர்கள் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். புறநானூற்றில், இரவில் காட்டுப்பூனைக்குப் பயந்து கதறும் கோழி, வேலை செய்ய எழுந்த பருத்திப் பெண்டின் சிறு விளக்கொளியில் சேவலைக் கண்டு அடங்குகிறது. பாடல் வேறு எதையோ சொல்ல வந்தது. விளக்கு ஏன் அந்நேரத்தில் எரிகிறது என்பது அதற்கு முக்கியமில்லை, எனக்கு முக்கியம்.

1828இல் வங்காளத்தின் ‘சமாச்சார் தர்ப்பண்’ இதழில் சாந்திப்பூரைச் சேர்ந்த ஒரு விதவையின் கடிதம் வந்தது. இளம் வயதில் கணவன் இறந்தான், பெண் பிள்ளைகள். நூற்று நூற்றே குடும்பத்தைக் காப்பாற்றினாள், மகள்களுக்குக் கல்யாணமும் செய்துவைத்தாள். நெசவாளர்கள் வீடு தேடி வந்து நூல் வாங்கிப்போன காலம் அது. இப்போது சீமை நூல் வந்துவிட்டது, யாரும் வருவதில்லை என்று எழுதுகிறாள். இங்கிலாந்தில் எந்திரம் முதலில் வேலையைப் பறித்தது அங்கே கையால் நூற்ற பெண்களிடமிருந்துதான். அடுத்தது இவளிடமிருந்து. நூறாண்டுக்குப் பிறகு காந்தி இக்கடிதத்தைத் தன் இதழில் எடுத்துப் போட்டார். அவர் அதில் தேசத்தைப் பார்த்தார். நான் பார்ப்பது ஒரு பெண்ணின் கணக்கை. என்ன விலைக்கு விற்றேன், எதற்குச் செலவு செய்தேன் என்று அத்தனையும் நினைவு வைத்திருக்கிறாள். தன் கையால் சம்பாதித்தவளின் பெருமை அந்தப் புலம்பலுக்குள்ளும் கேட்கிறது.

கூலியைப் பணமாகக் கொடுக்காத முறை 19ஆம் நூற்றாண்டோடு போய்விடவும் இல்லை. நம் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று ஆண்டு விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். முழுக் கூலி மாதந்தோறும் வராது. ஒரு பகுதி முடிவில் மொத்தமாக, கல்யாணச் செலவுக்கு. இடையில் உடம்பு முடியாமல் வீடு திரும்பினால் அந்தத் தொகை பெரும்பாலும் போனதுதான். தேயிலைக்குப் பதில் தாலி.

சென்ற ஆண்டு கோவையிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். திருப்பூரில் ஏறி எதிரில் உட்கார்ந்த பெண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, டைலராகி, இப்போது செக்கிங்கில் இருக்கிறாராம். காலுறையை வாங்கி உள்பக்கம் திருப்பினார், குதிகாலை விரலால் தடவினார்.

“ஏனுங்கக்கா, இதுல தையலே காணோமுங்களே?”

“தைக்கறதில்லைங்க. பின்னும்போதே வளைச்சுக்கறது.”

“பீஸ் ரேட் என்னங்க?”

விற்பதில்லை என்றேன். ஒரு ஜோடிக்கு 20 மணி நேரம் ஆகும் என்றும் சொன்னேன். அவர் தன் ஷிப்டுக் கூலியை வைத்து மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அவ்வளவு எவன் குடுப்பான்? ஆனாக் குடுக்கோணுமுங்க.” பிறகு ஊசியைக் காட்டி, எப்படித் திருப்புவது என்று கேட்டார். ஈரோடு தாண்டும்வரை விட்ட கண்ணிகளைப் பிடித்துக்கொண்டிருந்தோம். சேலம் வருவதற்குள் இரண்டு வரிசை சரியாகத் திருப்பியிருந்தார். இறங்கும் ஊர் வந்தபோதும் மூன்றாவது வரிசையை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.